ஜீப்பின் கதவடித் தகடு துருவேறினால்...

ஒட்டன்சத்திரம் காய்கறி மார்க்கெட்டுக்கும் நிலக்கோட்டை பூ மார்க்கெட்டுக்கும் சரக்கு கொண்டு போகும் திண்டுக்கல் வட்டார விவசாயிகள் சிலரிடம் பழைய ஜீப்புகள் இன்னும் உழைத்து வருகின்றன. மஹிந்திரா நிறுவனம் 1940-களின் இறுதியில் பம்பாயில் வில்லிஸ் ஜீப்பைப் பூட்டி விற்கத் தொடங்கியது. அந்த வழியில் வந்த வண்டிகள் தார்ச்சாலை இல்லாத தோட்டத்துக்கும் ஓடைக்கரைக்கும் போய் வந்தன. சிறுமலையில் குதிரை முதுகில் இறங்கி வந்த வாழைத்தாரில் ஒரு பகுதி ஜீப்புக்கு மாறியது. இத்தகைய வண்டிகளில் எஞ்சின் நன்றாக இருக்கும், கியர் பெட்டியும் நன்றாக இருக்கும். வண்டியை அடிமாட்டு விலைக்குத் தள்ளவைப்பது பெரும்பாலும் கதவுக்கு அடியில் நீளமாக ஓடும் தகடுதான்.

கம்பெனிப் புத்தகங்களில் இதற்கு ராக்கர் பேனல் என்று பெயர். பொலிரோ போன்ற கதவுள்ள வண்டிகளில் வெளித்தகடு, உள்தகடு, நடுவே பலம் கொடுக்கும் தகடு ஆகியவை சேர்ந்து ஒரு நீளப் பெட்டியாக இருக்கும். பழைய திறந்த ஜீப்பில் மடித்த விளிம்பும் அதன் உள்ளே பதிந்த சானலும்தான் இந்த வேலையைச் செய்கின்றன. பாரத்தைத் தாங்குவது அடியிலுள்ள சேஸிஸ் என்பதால், தகடு போனாலும் வண்டி ஓடும். அதனால்தான் பலர் அசட்டையாக விட்டுவிடுகிறார்கள். ஆனால் பாடியைச் சேஸிஸுடன் பிணைக்கும் போல்ட்டுகள் இந்த வரிசையை ஒட்டியே இருக்கின்றன. துரு அங்கே எட்டினால் கதவு சாத்தாது, மேடு பள்ளத்தில் பாடி இடம் மாறும், பின்னால் உட்கார்ந்து வரும் களையெடுக்கும் பெண்களின் காலடியில் தரை பிளக்கும்.

மாருதி ஆம்னி போன்ற வேன்களின் கதை வேறு. அவற்றில் பாடியே பாரம் தாங்குகிறது. கதவடித் தகடு போனால் வண்டியின் முதுகெலும்பே போனதற்குச் சமம். ஜீப் வேலையில் கைதேர்ந்தவர் என்பதற்காக ஆம்னியை அவரிடம் விட்டுவிடக் கூடாது.

துரு எங்கிருந்து வருகிறது?

மழையை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. இவ்வட்டாரத்துக்குப் பெரும்பங்கு மழை ஐப்பசி, கார்த்திகையில் வந்து போய்விடுகிறது. செம்மண் சேறு சக்கரத்தால் வீசப்பட்டு அந்தப் பெட்டிக்குள் புகுந்து அடைந்துகொள்கிறது. வெளியே காய்ந்தாலும் உள்ளே வாரக்கணக்கில் ஈரம் நிற்கும். இத்துடன் உரம் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். பொட்டாஷ் உரத்தில் உள்ள குளோரைடு உப்பு இரும்புக்குப் பகை. மூட்டையிலிருந்து சிந்தும் ஒரு பிடி, தரை மூலையில் இறங்கி ஈரத்தோடு கலந்தால் தகட்டை அரித்துவிடும். திண்டுக்கல்லைச் சுற்றி தோல் ஷாப்புகளின் கழிவு இறங்கிய பகுதிகளில் கிணற்று நீரே உப்பாக இருக்கிறது. அந்த நீரில் வண்டியைக் கழுவுவதைவிடக் கழுவாமல் தட்டித் துடைப்பது மேல்.

சோதித்துப் பார்க்க ஒரு சிறு சுத்தியலும் ஒரு திருப்புளியும் போதும். தகட்டின் அடிப்புறத்தை முன்னிருந்து பின்னாகத் தட்டிக்கொண்டே போக வேண்டும். நல்ல தகடு கணீரென்று ஒலிக்கும். அரித்த இடம் பொத்தென்று சொல்லும். சந்தேகப்பட்ட இடத்தில் திருப்புளியை அழுத்தினால் உண்மை தெரிந்துவிடும். பெயிண்ட் காசளவு உப்பியிருந்தால் உள்ளே கையளவு போயிருக்கும் என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம். சேஸிஸிலேயே பொருக்கு உதிர்ந்தால் கதவடித் தகட்டுக்குப் பணம் செலவழிப்பது வீண். முதலில் அதற்கு வழி பார்க்க வேண்டும்.

தகடு எத்தனை கேஜ்?

பூட்டுக்கும் இரும்புப் பெட்டிக்கும் பேர்போன ஊர் திண்டுக்கல். இவ்வூர்ப் பூட்டுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. தகடு மடிக்கத் தெரிந்த கைகளுக்கு இங்கே பஞ்சமில்லை. ஆயினும் இரும்புப் பெட்டிக்குப் பொருந்தும் கனம் ஜீப்புக்குப் பொருந்தாது. "கனமாகப் போட்டால் காலத்துக்கும் நிற்கும்" என்று 3 மில்லிமீட்டர் தகட்டைக் கேட்கும் வண்டிக்காரர்கள் உண்டு. பழைய பாடித் தகடு ஏறத்தாழ 18 கேஜ், அதாவது 1.2 மில்லிமீட்டர். அதனுடன் 3 மில்லிமீட்டரைச் சேர்த்துப் பற்றவைத்தால், கனத்த பக்கம் உருகுவதற்குள் மெல்லிய பக்கம் ஓட்டையாகும். ஒட்டிவிட்டாலும் கல்லில் இடிக்கும் அடி புதுத் தகட்டில் தங்காமல் பக்கத்துப் பழைய தகட்டைக் கிழிக்கும்.

வெளித்தகட்டுக்கு 16 கேஜ், அதாவது 1.6 மில்லிமீட்டர் போதும். உள்ளே பலம் கொடுக்கும் பட்டைக்கு 14 கேஜ், 2 மில்லிமீட்டர் போடலாம். ஒன்றரை மீட்டர் நீளம், 30 சென்டிமீட்டர் அகலமுள்ள 16 கேஜ் துண்டு ஐந்தரை கிலோவுக்குச் சற்றுக் கூடுதலாக எடை வரும். அதையே 3 மில்லிமீட்டரில் போட்டால் பத்தரை கிலோ. ஜி.ஐ. தகடு துருப்பிடிக்காதே என்று சிலர் கேட்பார்கள். பற்றவைக்கும்போது அதன் துத்தநாகப் பூச்சிலிருந்து வரும் வெள்ளைப் புகையைச் சுவாசித்தால் அன்றிரவே குளிர்க்காய்ச்சல் கண்டுவிடும். பற்றவைக்கும் ஓரத்தில் பூச்சைச் சுரண்டி எடுத்துவிட்டு, காற்றோட்டமான இடத்தில்தான் அதைத் தொடலாம்.

பட்டறையில் கவனிக்க வேண்டியவை

வண்டி சமதளத்தில் நிற்க வேண்டும். கதவு வாசலின் இரு தூண்களுக்கும் இடையே ஒரு பைப்பைக் குறுக்கே டேக் அடித்து நிறுத்திய பிறகே வெட்டத் தொடங்க வேண்டும். மூலைக்கு மூலை கயிறு பிடித்து அளவைச் சுவரில் எழுதி வைப்பது நல்லது. இதைச் செய்யாமல் வெட்டினால் வாசல் சில மில்லிமீட்டர் சுருங்கினாலும் கதவு பூட்டுவதில்லை. ஒரு பக்கம் முடிந்த பிறகுதான் மறுபக்கத்தில் கை வைக்க வேண்டும்.

பேட்டரி ஒயர்கள் இரண்டையும் கழற்றாமல் பற்றவைத்தால் ஆல்டர்னேட்டர் டயோடு போய்விடக்கூடும். எர்த் கவ்வியை வேலை நடக்கும் இடத்துக்கு அருகிலேயே மாட்ட வேண்டும். பழைய ஜீப்புகளில் எரிபொருள் தொட்டி ஓட்டுநர் இருக்கைக்கு அடியிலேயே இருக்கும். அதைக் கழற்றித் தூரத்தில் வைத்துவிட வேண்டும். தொட்டி காலிதானே என்று விடுவதுதான் ஆபத்து. அதிலுள்ள ஆவி வெடிக்கும். பிரேக் குழாயும் ஒயரும் போகும் பாதையை விலக்கி, இருக்கைப் பஞ்சையும் வைக்கோல் தூசியையும் அகற்றி, வாளித் தண்ணீரும் மணலும் அருகில் வைத்துக்கொள்ள வேண்டும். வேடிக்கை பார்க்கும் பிள்ளைகளை அனுப்பிவிட வேண்டும். வெறுங்கண்ணால் அந்த வெளிச்சத்தைப் பார்த்தவர் இரவெல்லாம் கண்ணில் மணல் விழுந்ததுபோல் துடிப்பார்.

துருவை நல்ல இரும்பு தெரியும்வரை வெட்டி எடுக்க வேண்டும். துருவின் மேலேயே புதுத் தகட்டை ஒட்டுவது புண்ணை மூடிக் கட்டுவதைப் போன்றது. பழைய காலண்டர் அட்டையில் அச்செடுத்துக்கொண்டு தகட்டை வெட்டினால் சேதாரம் குறையும். மெல்லிய தகட்டுக்கு சி.ஓ.2 வெல்டிங்கே சிறந்தது, 0.8 மில்லிமீட்டர் கம்பி போதும். ராடு வெல்டிங்தான் கிடைக்கும் என்றால் 12 கேஜ், அதாவது 2.5 மில்லிமீட்டர் ராடில், கரண்டைக் குறைத்து வைத்துச் செய்யலாம். 10 கேஜ் ராடை எடுத்தால் ஓட்டை நிச்சயம். ஒரே மூச்சில் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குக் கோடு இழுக்கக் கூடாது. இரண்டு அங்குலத்துக்கு ஒரு டேக், பிறகு முன்னால் ஓர் அங்குலம், பின்னால் ஓர் அங்குலம், நடுவில் ஓர் அங்குலம் என்று மாற்றி மாற்றிப் போட்டுத் தானாக ஆறவிட வேண்டும். தண்ணீர் ஊற்றி ஆற்றும் வழக்கம் தகட்டை முறுக்கிவிடும். தகட்டின் மேல் தகடு வரும் விளிம்பில் 8 மில்லிமீட்டர் துளைகள் போட்டு அவற்றை நிரப்பிப் பற்றவைத்தால் கம்பெனிப் புள்ளி வெல்டிங்குக்கு இணையாகப் பிடிக்கும்.

அடியிலுள்ள வடிகால் துளைகளை மறக்காமல் புதுத் தகட்டிலும் போடச் சொல்ல வேண்டும். "ஓட்டை எதற்கு, சேறுதான் ஏறும்" என்று அடைத்துவிடும் பட்டறைகள் ஏராளம். ஏறிய நீர் இறங்க வழியில்லாத பெட்டி மீண்டும் உள்ளிருந்தே அரிக்கும். செலவழித்த பணமெல்லாம் சேற்றோடு போகும்.

கல்லில் இடிபடாமலிருக்க வெளியே பாக்ஸ் பைப் பொருத்தலாமா என்ற கேள்வி எழும். அதைப் பாடித் தகட்டில் பற்றவைப்பதால் பயனில்லை. அடி நேராகத் தகட்டுக்கே போகும். சேஸிஸில் தாங்கவேண்டும். அங்குதான் சட்டம் குறுக்கே நிற்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-வது பிரிவு, பதிவுப் புத்தகத்தில் உள்ளதற்கும் கம்பெனி அமைப்புக்கும் மாறான மாற்றத்தைத் தடுக்கிறது. முன்னும் பின்னும் மாட்டும் கிராஷ் கார்டுகளுக்கு எதிராக மத்திய போக்குவரத்து அமைச்சகம் 2017 டிசம்பரில் மாநிலங்களுக்கு எழுதியது இந்தப் பிரிவைக் காட்டித்தான். 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதே நிலையை உறுதி செய்தது. அரித்த தகட்டுக்குப் பதில் அதே வடிவத்தில் தகடு போடுவது பழுது பார்த்தல். பக்கவாட்டில் துருத்தும் பைப் மாற்றம். 15 ஆண்டு முடிந்து பதிவைப் புதுப்பிக்கப் போகும்போது இந்த வேறுபாடு பெரிதாகத் தெரியும். ஆகவே பைப் ஆசை உள்ளவர்கள் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டுவிட்டுப் பட்டறைக்குப் போகலாம்.

வெல்டிங் முடிந்ததும் கசடைத் தட்டித் தேய்த்து, அன்றே ரெட் ஆக்சைடு பிரைமர் அடிக்க வேண்டும். இரவுப் பனி பட்டாலே புதுத் தகடு சிவக்கும். பெட்டியின் உட்புறத்துக்கு வடிகால் துளை வழியாக மெழுகுப் பூச்சைப் பீய்ச்சலாம். தாரை அடித்து மூடும்போது அடியில் ஒரு சொட்டு ஈரம் இருந்தாலும் அது துருவைப் பாதுகாக்கும் போர்வையாகிவிடும். இதனால்தான் இவ்வேலையைச் சித்திரை, வைகாசி வெயிலில் வைத்துக்கொள்வது வசதி. ஐப்பசியில் முதல் மழையில் ஓடி வந்ததும், ஒரு குச்சியால் வடிகால் துளைகளைக் குத்திப் பார்த்து, தண்ணீர் சொட்டுகிறதா என்று கவனிக்க வேண்டும்.