ஆற்றுப் பள்ளமும் ஆறாத புண்ணும்

ஏ9 வீதியில் புளியங்குளத்துக்கும் மாங்குளத்துக்கும் நடுவே இருக்கிறது கனகராயன்குளம். கனகராயன் ஆறு இந்தப் பக்கத்தால் வடக்கே போய் இரணைமடுவில் சேர்கிறது. மாரியில் கரை தொட்டு ஓடும். கோடையில் மணலுக்கிடையே பள்ளம் பள்ளமாகத் தேங்கி நிற்கும் தண்ணீர்தான் மிச்சம். இலங்கையில் மலேரியாவைக் காவித் திரிந்த அனோபிலிஸ் குலிசிபேசிஸ் என்ற நுளம்பு முட்டையிடத் தேடியது அத்தகைய பள்ளங்களைத்தான். 1934-35இல் மழை பொய்த்து ஆறுகள் வற்றியபோது கேகாலை, குருநாகல் பக்கங்களில் மலேரியா கொள்ளை நோயாகப் பரவி, ஏறத்தாழ 80,000 உயிர்களைக் கொண்டுபோனதும் இதே நுளம்பால்தான். வன்னிக்கு மலேரியா புதிதாக வரவேண்டிய தேவை இருக்கவில்லை. அது இங்கேயே குடியிருந்தது.

இன்று இங்கே தரம் 10இல் படிக்கும் பிள்ளை அந்தக் காய்ச்சலைக் கண்ணால் கண்டிராது. உள்நாட்டில் தொற்றிய கடைசி நோயாளி பதிவானது 2012 ஒக்டோபரில். 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடாகச் சான்றளித்தது. 1999இல் மட்டும் இரண்டரை இலட்சத்துக்கு மேற்பட்டோர் காய்ச்சலில் விழுந்த நாடு இது. போர் நடந்துகொண்டிருந்த காலத்திலேயே எண்ணிக்கை சரியத் தொடங்கிவிட்டது என்பதுதான் வியப்பு. சோதனைச் சாவடிகளைத் தாண்டி மருந்தும் நுளம்பு வலையும் வன்னிக்குள் வந்தன. சுகாதார ஊழியர்கள் இரத்தம் எடுத்துக் கண்ணாடித் தகட்டில் பூசிக்கொண்டே இருந்தார்கள். பாடசாலை விழாக்களில் பேசப்பட வேண்டிய வரலாறு இது. யாரும் பேசுவதாகத் தெரியவில்லை.

மாணவர்களிடையே ஒட்டுண்ணி நோய் விழிப்புணர்வு என்றதும் சுவரொட்டிப் போட்டி, ஊர்வலம், பிரதம விருந்தினர் உரை என்று நிகழ்ச்சி நிரல் தானாகவே எழுதப்பட்டுவிடுகிறது. உரையில் டெங்கு, எலிக்காய்ச்சல், மலேரியா எல்லாம் ஒரே மூச்சில் வரும். டெங்கு வைரசால் வருவது, எலிக்காய்ச்சல் பக்டீரியாவால் வருவது; இரண்டும் ஒட்டுண்ணி நோய்கள் அல்ல. இந்த வேறுபாடு பரீட்சைக்கு மட்டும் உரியதன்று. சிரட்டை, ரயர் பொறுக்கித் துப்புரவாக்கினால் டெங்கு நுளம்பு குறையும். ஆற்றுப் பள்ளத்தில் பெருகும் நுளம்புக்கு அதனால் ஒரு கேடும் இல்லை.

ஒரு அகப்பையும் வெள்ளைப் பீங்கானும் இருந்தால் பிள்ளைகளே பார்க்கலாம். தண்ணீரை அள்ளி ஊற்றினால், அனோபிலிஸ் குடம்பி நீர்மட்டத்தோடு ஒட்டிப் படுத்திருக்கும். டெங்கு நுளம்பின் குடம்பி தலைகீழாகத் தொங்கும். விஞ்ஞான ஆசிரியரும் பொதுச்சுகாதாரப் பரிசோதகரும் ஒரு காலைப் பொழுதை ஒதுக்கி இதைக் காட்டினால், பத்து ஊர்வலம் செய்யாததை அது செய்யும். ஊரின் கிணறுகளையும் விட்டுவிடக் கூடாது. நகரக் கிணறுகளிலும் தண்ணீர்த் தாங்கிகளிலும் வாழப் பழகிய அனோபிலிஸ் ஸ்டீபன்சி என்ற இந்திய நுளம்பு, 2016 இறுதியில் மன்னாரில் கண்டுபிடிக்கப்பட்டது. வெளிநாட்டிலிருந்து நோயோடு வருபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். தமிழ்நாட்டு அகதி முகாம்களிலிருந்து திரும்பிய நம்மவர்களுக்கும் அதனால்தான் இரத்தப் பரிசோதனை செய்தார்கள். மலேரியா ஒருமுறை திரும்பி வந்ததும் உண்டு: 1963இல் நாடு முழுவதும் 17 நோயாளிகள்தான். பிறகு அசட்டை. 1969இல் ஐந்து இலட்சத்தைத் தாண்டியது.

குடற்புழுக் கதை வேறு. 2017இல் ஆரம்ப வகுப்புப் பிள்ளைகளிடையே நடந்த தேசிய ஆய்வில் மண்வழி பரவும் புழுக்கள் இருந்தது நூற்றுக்கு ஒருவருக்கும் குறைவானோரிடம்தான். தோட்டப்புறங்களில் மட்டும் 9 வீதம். பூச்சிக் குளிசைக்கு இதில் பெரும் பங்குண்டு. ஆனால் அந்தக் குளிசையில் உள்ள மெபெண்டசோல் வயிற்றில் இருக்கும் புழுவைத்தான் கொல்லும். நாளை ஏறப்போகும் புழுவைத் தடுக்காது. கொளுக்கிப்புழுவின் குடம்பி ஈரமண்ணிலிருந்து வெறுங்காலின் தோலைத் துளைத்து, இரத்தத்தோடு நுரையீரலுக்குப் போய், தொண்டை வழியாகக் குடலில் இறங்கி இரத்தம் குடிக்கிறது. வயலுக்குப் போகும் பிள்ளைக்குச் செருப்பும், வீட்டுக்கு மலசலகூடமும் இல்லாமல் குளிசை மட்டும் கொடுப்பது அரைவாசி வேலை.

தென்கொரியாவில் 1969 முதல் 1995 வரை பாடசாலைப் பிள்ளைகள் ஆண்டுக்கு இருமுறை மலமாதிரி கொண்டுவந்து கொடுத்தார்கள். புழு இருந்தவர்களுக்கு மருந்து. 1971இல் மக்களில் 84 வீதத்தினரிடம் புழு முட்டை இருந்தது, 1997இல் 2.4 வீதம். வயலுக்கு மனித மலத்தை உரமாக இடும் வழக்கம் ஒழிந்ததும், நாடு வசதி கண்டதும் கூடவே உதவின. வெறும் பிரசாரத்தால் அது நடக்கவில்லை.

நம் பக்கத்தில் உண்மையில் கவலைப்பட வேண்டியது ஒரு புண். லீஷ்மேனியாசிஸ் என்று பெயர். நுளம்பிலும் சின்னதான மணல் ஈ கடித்த இடத்தில் சிறு பரு தோன்றும், மெல்லப் பெருத்துப் புண்ணாகும். நோகாது, சொறியாது, மாதக்கணக்கில் ஆறாது. நோகாததால் ஒருவரும் ஆசுப்பத்திரிக்குப் போவதில்லை. பச்சிலை வைத்துக் கட்டிக்கொண்டு வேலையைப் பார்ப்பார்கள். இலங்கையில் உள்நாட்டில் தொற்றிய முதல் நோயாளி 1992இல் அறியப்பட்டார். பின்னர் வடக்கில் கடமையாற்றிய படையினரிடையே பெருகியது. 2008இல் அறிவிக்கப்பட வேண்டிய நோயானது. இன்று நோய் மிகுந்த அநுராதபுரம் நமக்குத் தெற்கே அடுத்த மாவட்டம். சிகிச்சை உண்டு: புண்ணுக்குள்ளேயே ஊசி ஏற்றுவார்கள், அல்லது கடுங்குளிரால் உறையவைப்பார்கள். நேரத்தோடு போனால் தழும்பு சிறிது.

இங்கேதான் மாணவர் பங்கு பயன்படும். அப்பாவின் முழங்கையில் ஆறாத பருவைக் கவனிப்பது வைத்தியரல்ல, பக்கத்தில் இருந்து சோறு தின்னும் மகள்.

கை கழுவுங்கள் என்று சுவரில் எழுதும் முன் மலசலகூடத்துக்குப் பக்கத்துக் குழாயில் தண்ணீர் வருகிறதா, சவர்க்காரம் இருக்கிறதா என்று அதிபர்கள் பார்க்க வேண்டும். கோடையில் தண்ணீர் வராவிட்டால் சுகாதாரப் பாடம் வெறும் மனனம். விழிப்புணர்வு நிகழ்ச்சிக்குப் பணம் தர வரும் நிறுவனங்களிடம் பதாகைக்குப் பதிலாகத் தண்ணீர்த் தாங்கியும் ஒரு நுணுக்குக்காட்டியும் கேளுங்கள். வெளிநாட்டிலிருந்து வந்தவருக்குக் காய்ச்சல் என்றால் மலேரியாப் பரிசோதனை செய்யச் சொல்லிக் கேளுங்கள். அரச ஆசுப்பத்திரியில் அதற்குக் கட்டணம் இல்லை. ஒரு மாதமாக ஆறாத, நோகாத புண் வீட்டில் யாருக்காவது இருந்தால், இந்தக் கிழமையே கூட்டிக்கொண்டு போங்கள்.