கயிறு பிடிக்கும் கை
எட்டாம் இடத்தில் கிடந்த கோஷ்டி கோப்பையைத் தூக்கிய கதை!

தூத்துக்குடி திரேஸ்புரத்தில் சங்கு குளிக்கிறவர்கள் உண்டு. கடலுக்கு அடியில் போகிறவருக்கு மூச்சு படகில்தான் இருக்கிறது. இப்போது எஞ்சின் வைத்துக் குழாய் வழியாகக் காற்று அனுப்புகிறார்கள். முத்துக்குளிப்பு நடந்த காலத்தில் (கடைசியாக 1961-ல் நடந்தது) மேலே ஒருவர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்பார். கீழே இருப்பவர் கெட்டிக்காரராக இருந்தால் மட்டும் போதாது. கயிறு பிடிப்பவர் கண் அசரக் கூடாது!

பந்தாட்டத்திலும் அப்படித்தான். பந்தை உதைப்பவரை எல்லோருக்கும் தெரியும். கயிறு பிடிப்பவரை யாருக்கும் தெரியாது.

சென்னை சிட்டி என்ற கோஷ்டியைப் பாருங்கள். இதன் முதலாளியாக இருந்தவர் ரோகித் ரமேஷ். 2016-17-ல் ஐ-லீக் போட்டியில் இந்தக் கோஷ்டி முதன்முதலாக இறங்கியது. மொத்தம் 10 கோஷ்டிகள். இதற்குக் கிடைத்தது எட்டாம் இடம். அடுத்த வருஷமும் அதே எட்டாம் இடம்!

போதாக்குறைக்கு, நல்ல ஆட்டக்காரர் ஒருவரும் கை நழுவிப் போனார். அவர் மைக்கேல் சூசைராஜ். குமரி மாவட்டம் இரவிபுத்தன்துறை என்ற மீனவர் கிராமத்துப் பையன். 2018-ல் அவர் ஜாம்ஷெட்பூர் கோஷ்டிக்குப் போய்விட்டார். அவருடைய சகோதரர் ரெஜின் மட்டும் இங்கேயே இருந்தார்.

இந்த நிலையில் நிர்வாகிகள் என்ன செய்தார்கள்?

பெயர் பெற்ற ஆட்டக்காரர்களைத் தேடிப் போகவில்லை. முதலில் பயிற்சியாளரைப் பிடித்தார்கள். சிங்கப்பூர்க்காரரான அக்பர் நவாஸ் வந்தார். பந்தைத் தரையோடு தட்டி, கைமாற்றி ஆடுவது அவர் பாணி. அந்தப் பாணிக்குத் தோதான ஆட்களை ஸ்பெயினிலிருந்து கொண்டுவந்தார்கள். மான்சி, நெஸ்டர், சாண்ட்ரோ, எஸ்லாவா என்ற நால்வர். ஸ்பெயினில் இவர்கள் பெரிய நட்சத்திரங்கள் அல்ல; கீழ்ப்படிகளில் ஆடியவர்கள். ஆனால் நாலு பேருக்கும் ஒரே பந்தாட்டப் பாஷை! சாமர்த்தியமான யோசனைதான்.

ஊர் விஷயத்திலும் ஒரு முடிவு எடுத்திருந்தார்கள். சென்னை நேரு மைதானத்தில் ஏற்கெனவே ‘சென்னையின்’ என்ற வேறு கோஷ்டி ஆடிக்கொண்டிருந்தது. எனவே 2017-லேயே கோயம்புத்தூர் நேரு மைதானத்துக்கு மாறினார்கள். பெயரில் சென்னை, ஆட்டம் கோவையில்! கேட்க வேடிக்கையாக இருக்கும். ஆனால் கோவை ஜனங்கள் கூட்டம் கூட்டமாக வந்தார்கள்.

2019 மார்ச் 9. கடைசி நாள் ஆட்டம். கோவையில் மினர்வா பஞ்சாபோடு மோதல். அதே நேரத்தில் கோழிக்கோட்டில் கிழக்கு வங்காளக் கோஷ்டி கோகுலத்தோடு மோதியது. ஒரு புள்ளிதான் வித்தியாசம். சறுக்கினால் கோப்பை கல்கத்தாவுக்குப் போய்விடும்!

ஆட்டம் தொடங்கிய சில நிமிஷங்களிலேயே மினர்வா கோல் போட்டது. மைதானம் மவுனமானது. இடைவேளை வரைக்கும் அதே நிலை. பிறகு பெனால்டியில் மான்சி கோல் போட்டுச் சமன் செய்தார். அடுத்த இரண்டையும் போட்டவர் யார்? கோல் போடுவதைத் தொழிலாகக் கொண்டவர் அல்ல. தற்காப்பு ஆட்டக்காரர் கவுரவ் போரா! 3-1.

கோழிக்கோட்டில் கிழக்கு வங்காளமும் ஜெயித்தது. ஆனாலும் பயனில்லை. சென்னை சிட்டி 43 புள்ளி, கிழக்கு வங்காளம் 42. ஐ-லீக் கோப்பை முதன்முறையாகத் தமிழ்நாட்டுக்கு வந்தது. மான்சி மட்டும் 21 கோல். சுவிட்சர்லாந்தின் பாசெல் கோஷ்டி அந்த வருஷமே 26 சதவீதப் பங்கை வாங்கியது.

அப்புறம்?

கட்டிய கோஷ்டி ஒவ்வொரு கல்லாக உதிர்ந்தது. 2019-லேயே நெஸ்டர் விலகினார். 2020 தொடக்கத்தில் மான்சி ஜப்பானுக்குப் போனார். நவாசும் அந்த வருஷம் போய்விட்டார். ஒருவர் போனால் அந்த இடத்தை நிரப்பலாம். பாணியை வகுத்தவர், பந்தை எடுத்துக் கொடுத்தவர், கோல் போட்டவர் மூவரும் போனால்? 2020-21-ல் முதல் 6 இடங்களுக்குள்கூட வர முடியவில்லை.

2021-22 ஐ-லீக் பட்டியலில் சென்னை சிட்டியின் பெயரே இல்லை. கோப்பையைத் தூக்கி அப்போது 3 வருஷம்கூட ஆகவில்லை.