செவிநரம்புக் கட்டியும் முகநரம்புக்கான மின்சோதனையும்

ஒரு காதில் மட்டும் கேட்கும் திறன் மெல்லக் குறைகிறது. அதே காதில் ஓயாத இரைச்சல். நடக்கும்போது லேசான தள்ளாட்டம். வயதாகிவிட்டது என்று பலரும் விட்டுவிடும் இந்தத் தொந்தரவுகளுக்குச் செவிநரம்புக் கட்டி காரணமாக இருக்கலாம். எம்.ஆர்.ஐ. ஸ்கேனில் இது தெரிந்துவிடும். இது புற்றுநோய் அல்ல. பெரும்பாலும் மெதுவாகவே வளரும்.

பக்கத்திலேயே முகநரம்பு

உடலின் சமநிலையைக் காக்கும் நரம்பின் உறையில் இந்தக் கட்டி தோன்றுகிறது. அந்த நரம்பு செல்லும் ஒடுங்கிய எலும்புக் குழாயில்தான் முகநரம்பும் செல்கிறது. கண்ணை மூடுவது, சிரிப்பது, குடிக்கும் தண்ணீர் ஒழுகாமல் உதட்டை இறுக்குவது எல்லாம் முகநரம்பின் வேலை.

முகம் நன்றாகத்தானே இருக்கிறது?

கட்டி வளர வளர முகநரம்பு நசுங்கி நாடாபோல் தட்டையாகும். அப்படியும் கட்டியை அகற்றும் அறுவைக்கு முன்பே முகம் கோணுவது அரிது. சில இழைகள் செயலிழந்தாலும் மிச்சமுள்ளவை சமாளித்துவிடுகின்றன. இந்த மறைவான பாதிப்பைத்தான் மின்சோதனை தேடுகிறது.

காது மடலுக்குக் கீழே, நரம்பு எலும்பைவிட்டு வெளிவரும் இடத்தில் சிறு மின்துடிப்பு கொடுப்பார்கள். மூக்கோரம் ஒட்டிய மின்முனை தசையின் பதிலைப் பதிவு செய்யும். மறுபக்கத்தோடு ஒப்பிட்டால், எவ்வளவு இழைகள் அழிந்துள்ளன என்பது ஓரளவு தெரியும்.

ஆனால் இதில் ஒரு குறை உண்டு. கட்டி இருக்கும் இடத்தைத் தாண்டித்தான் துடிப்பு கொடுக்கப்படுகிறது. இழை அழியாமல், கட்டி அழுத்தும் இடத்தில் மட்டும் செய்தி தடைபட்டிருந்தால் இந்தச் சோதனை அதைக் காட்டாது. அதற்குக் கண் இமைப்புச் சோதனை உதவும். புருவத்தருகே தூண்டினால் செய்தி மூளைத்தண்டுக்குப் போய், முகநரம்பு வழியாக, கட்டி இருக்கும் பகுதியைக் கடந்து இமைக்கு வரவேண்டும். முதல் பதில் சுமார் 10 மில்லி விநாடியில் வருவது இயல்பு. தாமதமானால், வழியில் எங்கோ தடை இருக்கிறது.

அறுவை அரங்கில்

என் பார்வையில், மின்சோதனையின் பெரிய பயன் இங்கேதான். கண், வாய்த் தசைகளில் நுண்ணிய ஊசி மின்முனைகளைப் பொருத்தியிருப்பார்கள். கருவி முகநரம்பைத் தீண்டினால் ஒலிபெருக்கி உடனே ஒலிக்கும். தசை தளர்த்தும் மருந்து இந்தப் பதிலை மறைத்துவிடும் என்பதால், மயக்க மருந்து நிபுணர் கண்காணிப்பின்போது அதைத் தவிர்ப்பார். இத்தகைய கண்காணிப்பை வழக்கமாகச் செய்யவேண்டும் என்று 1991இல் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனங்கள் கூட்டிய நிபுணர் மாநாடு பரிந்துரைத்தது. உங்கள் அறுவையில் இது உண்டா என்று மருத்துவரிடம் தயங்காமல் கேளுங்கள்.

கட்டியை அகற்றியபின், மூளைத்தண்டை ஒட்டி மிகக் குறைந்த மின்னோட்டத்தில் நரம்பைத் தூண்டிப் பார்ப்பார்கள். 0.05 மில்லி ஆம்பியர் அளவிலேயே தசை அசைந்தால் நல்ல அறிகுறி.

முகம் கோணினால்

அறுவைக்குப்பின் முகம் கோணினாலும், நரம்பு அறுபடாமல் இருந்தால் பலருக்கும் முகத்தின் அசைவு மாதக்கணக்கில் மெல்லத் திரும்பி வரும். அதுவரை கண்ணே முக்கியம். இமை மூடாவிட்டால் கருவிழி உலர்ந்து புண்ணாகும். பகலில் மருத்துவர் சொன்ன சொட்டு மருந்து, இரவில் களிம்பு. தூங்கும்முன் இமையை மூடி டேப் ஒட்டுவது எப்படி என்று வீட்டுக்குப் புறப்படுமுன் செவிலியரிடம் கற்றுக்கொள்ளுங்கள். கண் சிவந்தாலோ வலித்தாலோ அன்றே கண் மருத்துவரைப் பாருங்கள்.