உங்களுக்குத் தெரியுமா? யானைக்கால் வீக்கம்

● யானைக்கால் நோயைத் தரும் புழு தையல் நூலைப் போல மெலிசு. நிணநீர்க் குழாய்க்குள் குடியேறி 6 முதல் 8 ஆண்டு வரை உயிரோடு இருக்கும். குழாய் பழுதாகி, வடிய வேண்டிய நீர் காலில் தேங்கிவிடுவதுதான் வீக்கம்.

● இந்தப் புழுவின் குஞ்சுகள் பகலில் நுரையீரல் பக்கம் ஒதுங்கியிருந்து, இரவில்தான் தோலையொட்டிய ரத்தத்துக்கு வருகின்றன. சுகாதார ஊழியர்கள் ராத்திரியில் வந்து விரலில் ஊசி குத்தி ரத்தம் எடுப்பது இதனால்தான். அவர்கள் வந்தால் கதவைச் சாத்தாதீர்கள்.

● கொசுவின் உடலுக்குள் இந்தப் புழு வளர்வதை 1877-ல் சீனாவின் அமோய் துறைமுகத்தில் பேட்ரிக் மேன்சன் என்ற மருத்துவர் கண்டறிந்தார்.

● டி.இ.சி. மாத்திரை ரத்தத்தில் உள்ள புழுக்குஞ்சுகளை ஒழிக்கும். நோய் அடுத்தவருக்குப் பரவாமல் தடுக்கும். வந்துவிட்ட வீக்கத்தை அது வற்ற வைக்காது. மாத்திரை சாப்பிட்டும் கால் வடியவில்லையே என்று மனம் விட்டுப்போனவர்கள் ஏராளம். அவர்களுக்கு யாரும் சொல்லாமல் விட்ட செய்தி அடுத்தது.

● வீக்கம் வருடா வருடம் பெருப்பதற்கு முக்கியக் காரணம், கால்விரல் இடுக்கு வழியே உள்ளே போகும் சாதாரண பாக்டீரியா. பிரேசிலின் ரெசிஃபே நகரில் ஜெரூசா டிரேயர் என்ற மருத்துவர் 1990-களில் இதை விளக்கமாக எடுத்துக்காட்டினார். வீங்கிய காலில் விரல்கள் நெருக்கியடித்து நிற்கும். இடுக்கை விரித்துப் பார்த்தால் தோல் வெள்ளையாக ஊறி, நூலளவு வெடித்திருக்கும். அந்த வெடிப்புதான் வாசல். கிருமி நுழைந்ததும் தொடையிடுக்கில் நெறி கட்டி, குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல் அடிக்கும். கால் சிவந்து தீயாய் எரியும். ஒவ்வொரு முறை காய்ச்சல் வந்து போகும்போதும் தோல் இன்னும் கொஞ்சம் தடித்துப்போகிறது.

● வாசலை அடைக்க ஒரு டப், ஒரு சொம்பு, மணமில்லாத சோப்பு, மெல்லிய துண்டு போதும். வெந்நீர் வேண்டாம். சாதாரணத் தண்ணீரில் முழங்காலிலிருந்து கீழ்நோக்கிக் கழுவி, மடிப்புகளிலும் ஒவ்வொரு விரல் இடுக்கிலும் சோப்பைக் கையாலேயே மெதுவாகத் தேய்க்க வேண்டும். நார், பிரஷ் கூடாது. கொட்டும் தண்ணீர் தெளிவாக வரும்வரை அலசுங்கள். பிறகு துண்டால் ஒற்றியெடுத்து, விரல் இடுக்கில் சிறு துணியை நுழைத்து ஈரத்தை எடுங்கள். பலர் கோட்டை விடுவது இந்தக் கடைசி வேலையில்தான். ஈரம் நின்றால் சேற்றுப்புண் வரும், கழுவியதே வீண். புண் இருந்தால் மருத்துவர் தரும் களிம்பு போடவும். ராத்திரி தூங்கும் முன் தினமும் செய்யலாம்.

● உட்காரும்போது காலைத் தொங்கவிடாமல் ஸ்டூலில் நீட்டி வைப்பதும், கணுக்காலை மேலும் கீழும் அசைப்பதும் தேங்கிய நீரை நகர்த்தும். படுக்கையில் கால்மாட்டை உயர்த்தலாம். இதய நோய் உள்ளவர்கள் மட்டும் டாக்டரைக் கேட்டுச் செய்யவும். இறுக்கமான மெட்டி, கொலுசு, கறுப்புக் கயிறு எல்லாவற்றையும் கழற்றிவிடுவது நல்லது.

● காய்ச்சல் அடிக்கும் நாளில் பயிற்சி கூடாது, கட்டும் கட்டக்கூடாது. ஈரத்துணி போட்டுக் குளிர்வித்து, நிறையத் தண்ணீர் குடித்து, அன்றே மருத்துவரிடம் போக வேண்டும். நீர் பிரியும் மாத்திரை இந்த வீக்கத்துக்கு உதவாது.

● புழுவே இல்லாமலும் கால் இப்படி வீங்கும். எத்தியோப்பியாவின் மலைப்பகுதியில் எரிமலைச் செம்மண்ணில் வெறுங்காலோடு உழுகிறவர்களுக்கு இது வருகிறது. அங்கேயும் வைத்தியம் சோப்பும் தண்ணீரும் செருப்பும்தான்.

● யானைக்கால் நோய் இனி பொதுச் சுகாதாரப் பிரச்சினை இல்லை என்ற உலகச் சுகாதார நிறுவனத்தின் சான்றை இலங்கை 2016-ல் பெற்றது.

● முற்றிய யானைக்காலோடு இருப்பவர்களுக்குத் தமிழ்நாடு அரசு மாத உதவித்தொகை தருகிறது. உங்கள் தெருவில் அப்படி ஒருவர் வெளியே வரக் கூச்சப்பட்டு வீட்டுக்குள்ளேயே இருந்தால், பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு நீங்களே அழைத்துப் போங்கள். கால் கழுவும் முறையை அங்கேயே செய்து காட்டச் சொல்லிக் கேளுங்கள்.