‘துர்சுன்’ என்ற பெயர் வேண்டுவது என்ன?

துருக்கியின் கருங்கடல் பகுதித் துணுக்குகளில் தெமெல் என்றொருவன் வருவான். அவனுடைய கூட்டாளி துர்சுன். சிரிக்கிற அவசரத்தில் அந்தப் பெயரை யாரும் பிரித்துப் பார்ப்பதில்லை. ‘துர்’ என்ற வினைக்கு நில், தங்கு, இரு என்றெல்லாம் பொருள். ‘சுன்’ என்பது ஏறக்குறைய நம் வியங்கோள் விகுதி. ஆக, துர்சுன் என்றால் ‘நிலைக்கட்டும்’. பிறந்த பிள்ளைகளை அடுத்தடுத்துப் பறிகொடுத்த வீட்டில், இதுவாவது தங்கட்டும் என்று வைத்த பெயர் இது என்பதே வழிவழியாக வரும் விளக்கம். அதுவே பொருத்தமானதும்கூட.

‘பிள்ளைப்பேறு இத்தோடு நிற்கட்டும்’ என்றும் அதே சொல்லுக்குப் பொருள் கொள்ளலாமே எனக் கேட்கலாம். பெண்களுக்கு ‘யெத்தெர்’, அதாவது ‘போதும்’ என்றே பெயர் வைக்கும் ஊரில் இந்தக் கேள்வியை ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது. சில வீடுகளில் அப்படியும் நினைத்திருப்பார்கள். ஆனால் ஒரு பெயரை அதன் இனத்தோடு சேர்த்து வைத்துத்தான் எடைபோட வேண்டும். துர்முஷ் என்றால் தங்கிவிட்டவன். யஷார் என்றால் வாழ்பவன். சாத்தில்மிஷ் என்றால் விற்கப்பட்டவன்: குழந்தையை ஒரு மகானுக்கு நேர்ந்துவிட்டோ, பிறருக்கு விற்றதாகப் பாவனை செய்தோ சாவின் கண்ணில் மண்ணைத் தூவும் வழக்கத்தின் மிச்சம் அது. உஸ்பெக் மொழியில் ‘சாகாதவன்’ என்று பொருள்படும் ஒல்மஸ் இருக்கிறது. இத்தனை பெயர்களும் ஒரே அச்சத்தைச் சொல்லும்போது, துர்சுன் மட்டும் குடும்பக் கட்டுப்பாட்டைப் பேசுகிறது என்பது நம்பும்படி இல்லை.

பெயரின் பழமையும் பரப்பும் இதற்குத் துணை நிற்கின்றன. கான்ஸ்டான்டிநோபிளை வென்ற சுல்தான் இரண்டாம் மெஹ்மெதின் வரலாற்றை எழுதிய 15ஆம் நூற்றாண்டு ஆசிரியரின் பெயர் துர்சுன் பே. தாஜிக் கவிஞர் மிர்சோ துர்சுன்சோதாவின் பெயரிலும் இது உண்டு. துருக்கியில் 1960 வாக்கில்கூட ஆயிரம் குழந்தைகளில் 150க்கும் மேற்பட்டவை முதல் பிறந்தநாளைக் காணவில்லை என்றால், முந்தைய நூற்றாண்டுகளைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. தாத்தாவின் பெயர் என்பதற்காகத்தானே பலர் வைத்தார்கள் என்றால், உண்மைதான். அந்தத் தாத்தாவுக்கு ஏன் வைத்தார்கள் என்பதுதான் இங்கே கேள்வி. இன்று துருக்கியில் முதல் பிறந்தநாளைக் காணாத குழந்தைகள் ஆயிரத்துக்குச் சுமார் 10. புதிய பெற்றோர் அல்பர்ஸ்லான் போன்ற வீரப் பெயர்களையே அதிகம் நாடுகிறார்கள்.