கணினியின் வேகமும் மின்சிக்கனமும்

சிங்கப்பூரின் மேற்கிலுள்ள பூன் லே வட்டாரம், சியூ பூன் லே (1852–1933) என்னும் வணிகரின் பெயரால் வழங்கி வருகிறது. ஜூரோங் பகுதியில் மிளகும், பின்னர் ரப்பரும் பயிரிட்டவர் அவர். 1961ஆம் ஆண்டில் ஜூரோங் தொழிற்பேட்டைப் பணிகள் தொடங்கிய பின்னர், அந்தத் தோட்டப்புறம் தொழிற்சாலைகளும் அடுக்குமாடி வீடுகளும் நிறைந்த நகரமாயிற்று. இன்று அங்குள்ள மாணவர்களின் கையில் கணினி இருக்கிறது. உயர்நிலைப்பள்ளி மாணவர் ஒவ்வொருவருக்கும் கற்றலுக்கென ஒரு கணினிச் சாதனம் கிடைக்கும் திட்டத்தை 2021ஆம் ஆண்டில் சிங்கப்பூர் அரசு நிறைவேற்றியது.

நம் தோட்டப்புறக் குடும்பங்களும் சம்பளத்தில் மிச்சம் பிடித்துப் பிள்ளைகளுக்கு மடிக்கணினி வாங்குகின்றன. அது மந்தமாக இயங்கத் தொடங்கினால், பழுதாகிவிட்டதோ, புதிதாக ஒன்று வாங்க நேருமோ என்று பெற்றோர் கலங்குவது இயல்பே. ஆனால், சில வேளைகளில் பழுது ஏதும் இராது. மின்சாரத்தைச் சேமிப்பதற்கான அமைப்பே வேகத்தைக் கட்டிப்போட்டிருக்கும்.

செயலியின் துடிப்பு

கணினியில் கணக்குகளைச் செய்யும் உறுப்புக்குச் செயலி என்று பெயர். அது ஒரு தாளத்திற்கேற்ப இயங்குகிறது. குவார்ட்ஸ் படிகம் ஒன்று சீரான துடிப்பைத் தர, மின்சுற்று அதனைப் பல மடங்காகப் பெருக்குகிறது. அந்த மடங்கை மாற்றினால் வேகமும் மாறும். 1971இல் வெளிவந்த இன்டெல் 4004 செயலி விநாடிக்கு ஏறத்தாழ 7,40,000 முறை துடித்தது. இன்று 3 கீகாஹெர்ட்ஸ் என்று குறிக்கப்பெறும் செயலி விநாடிக்கு 300 கோடி முறை துடிக்கிறது.

துடிப்பு மிகுந்தால் மின்செலவும் வெப்பமும் மிகும். அன்றியும், விரைந்து துடிக்க உயர்ந்த மின்னழுத்தம் தேவை. மின்னழுத்தம் இரு மடங்கானால், துடிப்பு மாறாவிடினும், அத்துடிப்பால் ஆகும் மின்செலவு நான்கு மடங்காகும். ஆகவே, வேகத்தையும் அழுத்தத்தையும் ஒருங்கே குறைப்பது பெருஞ் சிக்கனம் தரும்.

2000ஆம் ஆண்டு ஜனவரியில் இன்டெல் நிறுவனம் மடிக்கணினிகளுக்கு வெளியிட்ட செயலியே இதற்குச் சான்று. மின்னிணைப்பில் 650 மெகாஹெர்ட்ஸ் வேகத்தில் 1.6 வோல்ட்டில் இயங்கிய அது, மின்கலத்தில் 500 மெகாஹெர்ட்ஸாகவும் 1.35 வோல்ட்டாகவும் இறங்கியது. வேகத்தில் கால் பங்குக்கும் குறைவாகவே இழப்பு. கணக்குப்படி மின்செலவிலோ ஏறத்தாழ 45 விழுக்காடு மிச்சம். ஒருநாள் விட்டு ஒருநாள் பால் வெட்டுவது மரத்தைக் காக்கும் என்பதை அறிந்த நமக்கு, அளவறிந்து வேலை வாங்கும் இம்முறை புதிதன்று.

எந்த அமைப்பு ஏற்றது?

விண்டோஸ் கணினிகளில் மின்சேமிப்பு, சமநிலை, உயர்செயல்திறன் என்ற அமைப்புகள் உண்டு. மின்சேமிப்பில் செயலி தாழ்ந்த வேகத்தையே நாடும். உயர்செயல்திறனில் வேகம் ஓங்கும். வெப்பமும் கூடும், மின்கலமும் விரைவில் தீரும். சமநிலையில் வேலைக்கேற்ப வேகம் ஏறி இறங்கும். பள்ளிப் பாடங்களுக்கு இதுவே போதுமானது.

கணினி மந்தமானால் முதலில் செய்யவேண்டியவை சில:

1. மின்னிணைப்பைத் தந்து, சமநிலையைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

2. கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் விசைகளை ஒருசேர அழுத்தினால் தோன்றும் பணி மேலாளர் பக்கத்தில், செயலியின் வேகத்தைப் பார்க்க வேண்டும். கணினி சும்மா இருக்கையில் வேகம் தாழ்ந்திருப்பது குறையன்று. வேலை தந்த பின்னும் அது உயராவிடில்தான் ஆராய வேண்டும்.

3. அமைப்பில் செயலியின் உச்ச அளவு 100 விழுக்காட்டுக்கு வெகுவாகக் கீழே வைக்கப்பட்டுள்ளதா என்று காண வேண்டும்.

4. காற்றுத் துளைகளில் தூசு அடைத்திருந்தாலும், கணினி மெத்தைமீது கிடந்தாலும், சூடேறிச் செயலி தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். சில மடிக்கணினிகளில் திறன் குறைந்த சார்ஜரும் இவ்வாறு செய்யும்.

இவற்றிற்குக் காசு செலவில்லை. இவ்வளவும் பார்த்த பின்னரே கடைக்காரரை நாடுவோம். உழைத்துச் சேர்த்த பணம் வீணாகாமல் பிள்ளைகளின் கல்விக்கே பயன்பட, இச்சிறு அறிவும் துணை செய்யும்.