பச்சை உடம்பும் யோகாப்பியாசமும்

பிள்ளை பெற்ற ஸ்திரீயைப் "பச்சை உடம்புக்காரி" என்று நமது திருநெல்வேலிச் சீமையில் சொல்வார்கள். அவ்வுடம்பு உள்ளே இன்னும் ஆறாதது, அதனிடம் வேலை வாங்கலாகாது என்பது அச்சொல்லின் கருத்து. சுக்கும் மிளகும் பூண்டும் கருப்பட்டியும் சேர்த்துக் காயம் இடித்துக் கொடுப்பதும், இடுப்புக்கு வெந்நீர் வார்ப்பதும், வயிற்றைத் துணியால் கட்டுவதும் அக்கருத்திலிருந்து பிறந்த வழக்கங்களே. இவ்வழக்கங்களில் நல்லவையும் உண்டு, தீயவையும் உண்டு. பாலூட்டும் தாய்க்குத் தண்ணீரைக் குறைத்துக் கொடுப்பது தீயது. அதற்கு எந்த வைத்திய சாஸ்திரத்திலும் ஆதரவு கிடையாது. நாற்பது நாள் வரையில் அவளை அடுப்படிக்கு அனுப்பாதிருப்பது மிகவும் நல்லது. ஆனால் தண்ணீரைக் குறைக்கும் வழக்கம் பல வீடுகளில் நிலைத்திருக்க, அடுப்படிக்கு அனுப்பாத வழக்கந்தான் மறைந்து வருகிறது.

பிரசவித்த பெண்களின் தேகமும் மனமும் தேறுவதற்கு யோகாப்பியாசம் எவ்வளவு தூரம் உதவும் என்பதே இன்று நாம் எடுத்துக்கொண்ட விஷயம். ராஜீய விவகாரங்களை விவாதிக்கும் இப்பக்கத்தில் இதற்கென்ன இடம் என்று சில நேயர்கள் புருவத்தை நெரிக்கக்கூடும். ஜூன் மாதம் 21-ந் தேதியைச் சர்வதேச யோக தினமாக ஐக்கிய நாடுகள் சபை 2014-ல் பிரகடனம் செய்தது. 2015 முதல் வருஷந்தோறும் அன்று மைதானங்களில் பாய் விரித்து நமது பிரமுகர்கள் கைகால்களை நீட்டி மடக்குகிறார்கள், படமும் எடுத்துக்கொள்கிறார்கள். அந்தப் பிரமுகரின் வீட்டில் கைக்குழந்தையுடன் இருக்கும் மருமகளுக்கு அப்பாயில் அரைமணி நேரம் படுக்க வசதி உண்டா என்று கேட்பது ராஜீய விஷயம் அல்லவென்றால், ராஜீயம் என்பதுதான் என்ன?

தமிழ்நாட்டில் பிரசவம் இப்பொழுது பெரும்பாலும் ஆபத்தற்றதாகிவிட்டது. 2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, இங்கே நூற்றுக்கு 99.6 பிரசவங்கள் ஆஸ்பத்திரிகளில் நிகழ்ந்தன. இது பெருமைக்குரியதே. அதே கணக்கெடுப்பு இன்னொன்றும் சொல்லுகிறது: நூற்றுக்கு 44.9 குழந்தைகள் வயிற்றைக் கீறி எடுக்கப்பட்டன. அதாவது, பிள்ளைபெற்று வீடு திரும்பும் தாய்மாரில் ஏறக்குறையப் பாதிப்பேர் பெரியதொரு ரணசிகிச்சை செய்துகொண்டவர்கள். வேறெந்த ரணசிகிச்சையானாலும் நோயாளியைப் படுக்கவைத்துப் பணிவிடை செய்கிறோம். இங்கே மட்டும், தையல் ஆறுமுன்னே இராத்திரி நான்கு முறை எழுந்து ஒரு சிசுவுக்குப் பணிவிடை செய்யும்படி நோயாளியையே ஏவுகிறோம்.

தேகத்தின் நிலை இதுவானால், மனத்தின் நிலையைக் கேட்பாரில்லை. வேலூருக்கு அடுத்த கணியம்பாடி வட்டாரத்துக் கிராமங்களில் 359 கர்ப்பிணிகளைப் பின்தொடர்ந்து வைத்தியர்கள் செய்த ஆராய்ச்சி 2002-ல் வெளியாயிற்று. பிரசவத்துக்குப்பின் புதிதாக மனச்சோர்வு நோய் கண்டவர்கள் நூற்றுக்கு 11 பேர் என்று அது கண்டது. தேசமுழுவதிலும் நடந்த 38 ஆராய்ச்சிகளைத் திரட்டி 2017-ல் வெளியான கணக்கோ நூற்றுக்கு 22 என்கிறது. கணியம்பாடியில் இந்நோய்க்கு ஏதுவாகக் காணப்பட்டவை எவை? வறுமை, ஆண் குழந்தையை எதிர்பார்த்திருக்கப் பெண் பிறந்தது, மாமியாரோடும் பெற்றோரோடும் மனஸ்தாபம், கர்ப்பகாலத்தில் நேர்ந்த துன்பங்கள், வீட்டு வேலைக்குக் கைத்துணை இல்லாமை. இவற்றில் அநேகம் வைத்தியர் மருந்தெழுதித் தீர்க்கக்கூடியவை அல்ல. வீட்டிலுள்ள ஆண்மக்கள் நினைத்தால் தீரக்கூடியவை.

மனக்கலக்கத்தை ஒரு வியாதியாகவே மதித்து அதற்கொரு இடமும் ஒதுக்கிவைத்த ஊர் சங்கரன்கோவில். கோமதியம்மன் சந்நிதிக்கு எதிரே தரையில் சக்கரம் ஸ்தாபிக்கப்பட்ட பள்ளம் ஒன்று உண்டு. சித்தம் கலங்கியவர்களை அழைத்துவந்து அதில் உட்காரவைத்துப் பிரார்த்திப்பது வழக்கம். அரியும் சிவனும் ஒன்றாகக் காணவேண்டி அம்பிகை இங்கே தவம் நின்றாள் என்பது ஐதிகம். ஆடித் தபசுக்கு வரும் கூட்டம் அதற்குச் சாட்சி. தெய்வத்தின் காரியத்தைப் பற்றி வாதிக்க நாம் வரவில்லை. கலங்கிய ஒரு ஜீவனை வேலையிலிருந்து விலக்கி, யாரும் ஏவாத ஓரிடத்தில் சற்றுநேரம் உட்காரவைக்கிறார்களே, அதை மட்டும் குறித்துக்கொள்கிறோம். அந்தச் சற்றுநேரம் கைக்குழந்தைக்காரிக்கு அவள் வீட்டிலேயே கிடைக்கவேண்டும்.

யோகம் புருஷர்களுக்கும் சந்நியாசிகளுக்குமே உரியது என்று நெடுங்காலம் எண்ணியிருந்தார்கள். 1930-களில் மைசூர் அரண்மனையில் யோகாசிரியராயிருந்து பிற்காலத்தில் சென்னைவாசியான திருமலை கிருஷ்ணமாச்சாரியார் இவ்வெண்ணத்தை மாற்றியவர்களில் முதல்வர். தமது பத்தினிக்கும் குமாரத்திகளுக்கும் அவரே அப்பியாசம் கற்பித்தார். இளம்பிராயத்தில் ஆழ்வார்திருநகரிக்கு யாத்திரை வந்தபோது நாதமுனிகளின் "யோக ரகசியம்" தமக்குக் கிட்டியதாக அவர் சொல்லுவார். கர்ப்பவதிகளுக்கு உரிய முறைகளும் அந்நூலில் உண்டு. அது கிட்டிய வரலாற்றை நம்புவோர் நம்பட்டும். ஸ்திரீகளுக்கே யோகம் முக்கியமாக வேண்டும் என்று அதைக் கொண்டு அவர் போதித்தது உண்மை. அவருடைய மைத்துனரும் சிஷ்யருமான பி. கே. எஸ். ஐயங்காரின் குமாரத்தி கீதா ஐயங்கார் 1983-ல் பெண்களுக்கென்றே ஒரு யோக நூலை ஆங்கிலத்தில் வெளியிட்டார்.

இனி முறையைச் சொல்வோம். சுகப்பிரசவமானவள் முதல் சில நாட்களிலேயே தொடங்கக்கூடியது மூச்சுப்பயிற்சி. மல்லாந்து படுத்து முழங்கால்களை மடக்கி, மூச்சை மெதுவாக உள்ளே வாங்கி, வாங்கியதைவிட நீளமாக வெளியே விடவேண்டும். மூச்சு வெளியேறும்போது, சிறுநீரை அடக்குவதுபோல அடிவயிற்றின் கீழ்த்தசைகளை மெல்ல மேலே இழுத்து, சில விநாடி நிறுத்தித் தளர்த்தவேண்டும். இதை ஹடயோக நூல்கள் மூலபந்தம் என்று வெகுகாலமாகச் சொல்லிவருகின்றன. அமெரிக்க வைத்தியர் ஆர்னால்ட் கெகல், பிரசவத்தால் தளர்ந்த இத்தசைகளை ஏறக்குறைய இதே பயிற்சியால் வலுப்படுத்தலாமென்று 1948-ல் எழுதினார். இன்று உலகமெங்கும் ஆஸ்பத்திரிகளில் அது அவர் பெயராலேயே வழங்குகிறது. இருமினாலும் தும்மினாலும் சிறுநீர் கசிவதை வெளியே சொல்ல வெட்கி வருஷக்கணக்காகச் சகித்திருக்கும் பெண்கள் நம் வீடுகளில் இல்லையென்று யாரும் எண்ணவேண்டாம். கணுக்காலை மடக்கி நீட்டுவதும் படுத்தபடியே செய்யத்தக்கது. காலில் இரத்தம் உறையாமல் காக்கும்.

ஆறாவது வாரத்தில் வைத்தியர் சோதித்துச் சம்மதித்தபின், கையும் முழங்காலும் ஊன்றிப் பூனைபோல் முதுகை உயர்த்தித் தாழ்த்துவதும், படுத்து இடுப்பைப் பாலம்போல் தூக்கும் சேதுபந்தமும், ஈற்றில் சவாசனமும் போதும். குனிந்து பாலூட்டி வலிக்கும் முதுகுக்கும் தோளுக்கும் இவை இதம் தரும். வயிறு கீறப்பட்டவள் மேலும் சில வாரம் பொறுக்கவேண்டும். கர்ப்பத்தில் வயிற்றின் நடுத்தசைகள் இரண்டும் விலகிப்போகின்றன. அவை சேருமுன்னே நௌகாசனமும் கபாலபாதியும் செய்து வயிற்றைக் குறைக்க முயல்வது கேடு. தொந்தி கரைய வேண்டுமென்று அவசரப்படுபவள் பெரும்பாலும் அப்பெண் அல்லள். அவளைப் பார்த்துப் பேசுகிறவர்களே. இரத்தப்போக்கு மிகுந்தாலும், ஜுரம் கண்டாலும், தையலில் வலி ஏறினாலும் பயிற்சியை நிறுத்தி ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும்.

இதனால் மனம் தேறுமா? அமெரிக்காவில் 2015-ல் வெளியான ஓர் ஆராய்ச்சியில், சோர்வுற்ற 57 தாய்மாரில் ஒரு பகுதியார் 8 வாரத்தில் 16 யோக வகுப்புகள் பெற்றனர். வகுப்புக்காகக் காத்திருந்த மற்றவர்களைக்காட்டிலும் அவர்கள் அதிகமாகத் தேறினர். ஐம்பத்தேழு பேரைக்கொண்டு உலகுக்கு விதி செய்ய முடியாது. எனினும் தீங்கில்லாததும் செலவில்லாததுமான இம்முறையைத் தள்ளுவதற்கு நியாயம் காணோம். ஆனால் குழந்தையைத் தொடவே மனமில்லாமல் இருப்பவளுக்கும், சாகவேண்டுமென்று சொல்பவளுக்கும் மூச்சுப்பயிற்சி மருந்தாகாது. பிரசவ ஜன்னி என்று பெரியவர்கள் சொன்ன சித்தப்பிரமை ஆயிரத்தில் ஓரிருவருக்கு வருவது. அது அன்றைக்கே வைத்தியரிடம் கொண்டுபோகவேண்டிய அபாயம். மனக்கஷ்டத்துக்கு ஆலோசனை சொல்ல, சர்க்கார் 2022-ல் ஏற்படுத்திய டெலி மானஸ் டெலிபோன் எண் 14416.

சட்டத்தைத் தொழிலாகக் கொண்டவர் என்ற முறையில் இன்னொன்றும் சொல்லவேண்டியிருக்கிறது. 1961-ம் வருஷத்துப் பிரசவகாலச் சலுகைச் சட்டம் 2017-ல் திருத்தப்பட்டு, சம்பளத்தோடு கூடிய லீவு 12 வாரத்திலிருந்து 26 வாரமாயிற்று. தமிழ்நாட்டு சர்க்கார் தன் பெண் ஊழியர்களுக்கு 2021-ல் 12 மாதமாக்கிற்று. சங்கரன்கோவில் விசைத்தறிச் சந்துகளில், பத்துப்பேர்கூட இல்லாத கூடத்தில், தார் சுற்றிக் கூலிவாங்கும் பெண்ணுக்கு இந்த லீவு காகிதத்திலும் இல்லை. சேதுபந்தம் செய்யச் சொல்லி அவளுக்கு உபதேசித்துப் பயனில்லை. தறி ஓடாத நாளில் அவள் வீட்டில் உலை கொதிப்பதற்கு வழி சொல்லவேண்டும். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரால் சர்க்கார் வழங்கும் 18,000 ரூபாய் உதவி, அதில் 4,000 பெறுமான சத்துணவுப் பெட்டகங்கள் உட்பட, பெரிய உபகாரமே. அது தவணை தவறாமல் அவள் கைக்கு வருகிறதா, அல்லது புருஷன் கைக்குப் போகிறதா என்று விசாரிப்பது, தெருவுக்குத் தெரு சங்கம் வைத்திருக்கும் நமது ஊழியர்களால் ஆகாத காரியமன்று.

இன்னொரு வசதியும் கண்ணெதிரே இருக்கிறது. குழந்தைக்கு ஆறாவது வாரத்தில் தடுப்பூசி போடத் தாய் சுகாதார நிலையத்துக்கோ ஆஸ்பத்திரிக்கோ தவறாமல் வருகிறாள். புதன்கிழமைகளில் அங்கே பெஞ்சில் ஒருமணி நேரம் காத்தும் இருக்கிறாள். அந்த ஒரு மணியில், மனச்சோர்வை அறிவதற்கு எடின்பரோ நகரத்து வைத்தியர்கள் 1987-ல் வகுத்த பத்துக் கேள்விகளையும் தமிழில் கேட்டுவிடலாம். மூச்சையும் மூலபந்தத்தையும் ஒரு நர்ஸ் அம்மாள் காட்டிக்கொடுத்தும் விடலாம். அதற்குப் புதிய கட்டிடம் வேண்டாம். ஒரு பாயும், ஒரு திரைச்சீலையும், அரைமணி நேரம் பிள்ளையை வாங்கி வைத்துக்கொள்ள உடன்வந்த தகப்பனாரும் வேண்டும். பாயையும் திரையையும் நகரசபை தரலாம்.